பென்ஹர்ஸ்டை மூடியது சரிதானா?

முகில்:
அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்காக அரசு நடத்திய பென்ஹர்ஸ்ட் விடுதி 1908இல் திறந்தது, 1987இல் மூடியது. மூடியதைச் சாதனையாகவே எல்லோரும் எழுதுகிறார்கள். நோக்கத்தில் பழுதில்லை, கெட்டது நிர்வாகம்தான். அளவுக்கு மீறி ஆள் சேர்த்தார்கள், பணம் ஒதுக்கவில்லை. சீர்படுத்தியிருக்கலாமே?

தாமரை:
நோக்கம் நல்லதா, முகில் சார்? 1913இல் அதே மாநிலம் அமைத்த ஆணையம், இவர்கள் குடியுரிமைக்கே தகுதியற்றவர்கள், சமூக அமைதிக்கு ஆபத்தானவர்கள் என்றது. பிள்ளை பெற்றுவிடாதபடி பிரித்து வைக்கத்தான் இந்த விடுதிகள். 1968இல் பில் பால்டினி என்ற செய்தியாளர் ஐந்து பகுதிகளாகத் தொலைக்காட்சியில் காட்டினார். சுமார் 2,800 பேர் அடைந்து கிடந்தார்கள், பலர் கட்டிலோடு கட்டப்பட்டு. கடிக்கிறவர்களுக்குப் பல்லைப் பிடுங்கிய கதையும் உண்டு. இதில் எதைச் சீர்படுத்துவது?

மணி:
பென்ஹர்ஸ்டில் இருந்த ரோமியோவின் வழக்கைப் படியுங்கள். தீர்ப்பு வந்தபோது 33 வயது, ஒன்றரை வயதுக் குழந்தையின் அறிவு. 1974 ஜூலையில் சேர்ந்தவருக்கு 1976 நவம்பருக்குள் குறைந்தது 63 முறை காயம்! சில தானே ஏற்படுத்திக்கொண்டவை, சில மற்றவர்கள் தாக்கியதால். தாய் வழக்குப் போட்டார். அரசுக் காவலில் இருப்பவருக்குப் பாதுகாப்பும், காரணமின்றிக் கட்டிப்போடப்படாத சுதந்திரமும், அதற்கு வேண்டிய குறைந்தபட்சப் பயிற்சியும் உரிமை என்று 1982இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது.

முகில்:
அதே வழக்கை நீங்களும் முழுசாகப் படியுங்கள், மணி. அவர் அங்கே வந்தது ஏன்? 26 வயதுவரை வீட்டில்தான் இருந்தார். அப்பா இறந்தார், அம்மாவால் தனியாகச் சமாளிக்க முடியவில்லை. அந்த அம்மாவுக்கு வேறு என்ன வழி இருந்தது?

தாமரை:
அந்த வழியைத்தான் பென்ஹர்ஸ்டில் இருந்தவர்கள் வேறொரு வழக்கில் கேட்டார்கள். 1977இல் நீதிபதி பிராடெரிக், எல்லோரையும் ஊருக்குள் சிறு வீடுகளில் குடியமர்த்தச் சொன்னார். 1981இலும் 1984இலும் உச்ச நீதிமன்றம் மாநிலத்தின் பக்கம் சாய்ந்தது. கடைசியில் சமரச ஒப்பந்தத்தில்தான் மூடினார்கள். வெளியே போனவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். அன்றாடத் திறன் கூடியிருந்தது. முதலில் ஒரேயடியாக எதிர்த்த குடும்பங்களில் பெரும்பாலானவை மனம் மாறின.

முகில்:
சரி, அப்புறம் ஏன் 2019இல் அதே மாநிலம் போல்க், வைட் ஹேவன் என்ற இதேபோன்ற அரசு விடுதிகளை மூடப்போவதாக அறிவித்தபோது குடும்பங்கள் நீதிமன்றம் போயின? சிறு வீடுகளில் சம்பளம் குறைவு, ஆள் நிற்பதில்லை. பல மாநிலங்களில் ஊருக்குள் சேவை கேட்டு வருஷக்கணக்கில் வரிசையில் நிற்கிறார்கள்.

தாமரை:
அது ஊதியம் தராத குறை சார். ஊதியம் கொடுக்கச் சொல்லுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். திரும்பவும் வார்டு கட்டச் சொல்லாதீர்கள்.

மணி:
ஒரு விஷயம் விட்டுப்போச்சு. 2010இலிருந்து அதே கட்டடங்களில் டிக்கெட் போட்டுப் பேய் வீடு நடத்துகிறார்கள். இதை எந்தப் பக்கம் சேர்ப்பது, முகில்?

முகில்:
அதில் எனக்கும் தாமரைக்கும் சண்டையே இல்லை. அசிங்கம். ஆனால் என் கேள்வி அந்த அம்மாவைப் பற்றியது, அதற்கு இன்னும் பதில் வரவில்லை.