புதுப்பிப்பு: ஸ்டான்லி கோப்பை இறுதிக் கணிப்பில் ஒரு திருத்தம்

வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கான NHL-இல் ஸ்டான்லி கோப்பைக்காக அடுத்த சீசன் இறுதிக்கு வரப்போகும் இரு அணிகளைப் புள்ளிப் பட்டியலை வைத்தே சொல்லிவிடலாம் என்று முந்தைய இழையில் எழுதியிருந்தேன். அது தப்பு. 2022-23இல் பாஸ்டன் 135 புள்ளி எடுத்துச் சாதனை படைத்தது. ஆனால் வெறும் 92 புள்ளியோடு நுழைந்த ஃபுளோரிடா முதல் சுற்றிலேயே 7 ஆட்டங்களில் அதை வெளியேற்றி, இறுதி வரை போய்விட்டது.

இப்போது முதலில் பார்ப்பது, இரு பக்கமும் கோல்கீப்பர் தவிர ஐந்து பேர் ஆடும்போது, அணி அடிக்கும் ஷாட்களில் கோலாகும் சதவீதத்தையும் அதன் கோல்கீப்பர் ஷாட்களைத் தடுக்கும் சதவீதத்தையும் கூட்டினால் வரும் எண். லீக் சராசரி 100. ஓர் அணி 102-க்கு மேல் இருந்தால் அதில் பாதி அதிர்ஷ்டம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த சீசனில் பெரும்பாலும் இறங்கிவிடும். வாய்ப்புகளின் தரத்தை அளக்கும் எதிர்பார்ப்பு கோல் விகிதம் அவ்வளவு ஆடாது, அதற்கே அதிக எடை கொடுக்கிறேன். கோல்கீப்பரின் ஒரு சீசனை மட்டும் நம்ப வேண்டாம், மூன்றையாவது சேர்த்துப் பாருங்கள்.

இன்னொன்று: இறுதிக்கு முன் மூன்று தொடர்களை ஜெயிக்க வேண்டும். தொடருக்கு 60% வாய்ப்புள்ள வலுவான அணிக்கே 0.6 × 0.6 × 0.6, அதாவது சுமார் 22%தான். லீக் கிழக்கு, மேற்கு என இரு பாதிகளாக உள்ளது; கிழக்கிலிருந்து ஒன்று, மேற்கிலிருந்து ஒன்று என இறுதிக்கு வரும் இரண்டும் சரியாக அமைய 5%கூட இல்லை. (ஒரே பாதியிலிருந்து இரண்டையும் தேர்ந்தெடுத்தவர்கள் கணிப்புப் பட்டியலை மாற்றிவிடுங்கள்!)