பில் தானாகக் கட்டப்படுகிறது, ஆனால் வங்கி ஓ.டி. (கணக்கில் இருப்பதற்கு மேல் எடுக்கும் கடன்) 20ஆம் தேதியே தீர்ந்துவிடுகிறது: உதவி தேவை

கொழிஞ்சாம்பாறை ஆலைக்காரர்:
சிறிய தேங்காய் எண்ணெய் ஆலை என்னுடையது. கொப்பரை காங்கேயத்திலிருந்து வருகிறது, டின்னும் அட்டைப்பெட்டியும் கோவையிலிருந்து. திருச்சூர்க் கடைகள் பணம் தர நாற்பது நாள் இழுத்தடிக்கின்றன. முன்பெல்லாம் பில்களைக் கம்பியில் குத்தி வைத்து, யார் சத்தம் போடுகிறாரோ அவருக்கு முதலில் கொடுப்பேன். மூன்று மாதமாக மென்பொருள். பில்லைப் படம் எடுத்தால் அதுவே படித்து, கணக்கில் ஏற்றி, பணமும் அனுப்பிவிடுகிறது. கம்பிக் காலத்தில் இல்லாத பணமுடை இப்போது வருகிறது. எங்கே கோளாறு?

பொள்ளாச்சிக் கணக்கர்:
அண்ணா, ஒவ்வொரு சப்ளையர் லெட்ஜரிலும் கடன் நாள், அதாவது எத்தனை நாளில் பணம் தரவேண்டும் என்று பதிந்திருக்கிறீர்களா? காலியாக விட்டால் பில் தேதியையே கெடுவாக எடுத்துக்கொண்டிருக்கும்.

ஆலைக்காரர்:
பதினொரு பேரில் ஒன்பது பேருக்குக் காலி! முப்பது நாள் கடன் தரும் டின்காரருக்கு மறுநாளே பணம் போயிருக்கிறது. அவர் ஏன் இப்போதெல்லாம் போனில் அவ்வளவு இனிமையாகப் பேசுகிறார் என்று இன்றுதான் புரிந்தது.
இன்னொன்று. அட்டைப்பெட்டி பில் எண் 117க்கு 41,300 ரூபாய் இரண்டு முறை போயிருக்கிறது. இரட்டைப் பில்லைப் பிடித்துவிடும் என்று சொல்லித்தான் விற்றார்கள்.

வாளையார் லாரி ஆபீஸ்:
தமிழ்நாட்டுப் பக்கம் கிடங்கு ஏதாவது உண்டா?

ஆலைக்காரர்:
கோபாலபுரத்தில் இருக்கிறது. ஜிஎஸ்டி எண் தனி.

வாளையார் லாரி ஆபீஸ்:
அதுதான் காரணமாக இருக்கும். 33 என்று தொடங்கும் தமிழ்நாட்டு எண்ணுக்கு வந்த பில்லைக் கிடங்கில் ஏற்றியிருப்பார்கள். டிரைவர் வாட்ஸாப்பில் அனுப்பிய அதே பில்லின் படத்தை ஆலையில் கேரளத்து 32 கணக்கில் ஏற்றியிருப்பார்கள். கணக்குகள் வேறு என்பதால் மென்பொருள் ஒப்பிட்டுப் பார்த்திருக்காது. பில்லில் எந்த ஜிஎஸ்டி எண் இருக்கிறதோ அந்தக் கணக்கில் மட்டும் ஏறட்டும். சரக்கு வரவுச் சீட்டு இல்லாமல் பணம் போகவே கூடாது. பில் இரண்டு இடத்துக்குப் போகலாம், சரக்கு ஒரு வாசலில்தானே இறங்கும்?

பொள்ளாச்சிக் கணக்கர்:
கடன் நாள் பதியும்போது எல்லோருக்கும் 60 நாள் என்று போட்டுவிடாதீர்கள், அண்ணா. அட்டைப்பெட்டிக்காரர் உத்யம் (சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவு) பதிவுள்ள குறு, சிறு உற்பத்தியாளர் என்றால், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாள்தான் உச்சம், இல்லாவிட்டால் 15. தாண்டினால் 2023 நிதிச் சட்டம் வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்று சேர்த்த விதிப்படி, பணம் கொடுத்த ஆண்டில்தான் அது செலவாகக் கழியும். வாங்கி விற்கும் கொப்பரை வியாபாரிக்கு இந்த விதி பொருந்தாது.
யாராவது பத்து நாளில் கொடுத்தால் 2 சதவீதம் தள்ளுபடி தருகிறார்களா? முப்பதாம் நாள் வரை காத்திருக்காமல் ஓ.டி.யில் எடுத்தாவது கொடுத்துவிடுங்கள். 20 நாளுக்கு 2 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 36க்கு மேல். எந்த ஓ.டி. வட்டி அவ்வளவு வரும்?

ஆலைக்காரர்:
கடன் நாள் எல்லாம் பதிந்துவிட்டேன். இனி பணம் வெள்ளிக்கிழமை மட்டும், அதுவும் நான் ஒப்புதல் கொடுத்த பிறகுதான். 41,300 ரூபாயை அடுத்த பில்லில் கழித்துக்கொள்வதாக அட்டைப்பெட்டிக்காரர் ஒப்புக்கொண்டார். டின்காரரிடம்தான் இன்னும் சொல்லவில்லை.