உதவி தேவை: பெட்டி மூடி மடிப்பில் கிழிகிறது (அவசரம்)

ஆலங்குளத்துக்காரன்
வணக்கம். நானே யோசித்த ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்கு மோல்டு (இரும்பு அச்சு) போட்டு, முதல் 60 உருப்படி ஓட்டி வாங்கிவிட்டேன். பெட்டியும் மூடியும் ஒரே வார்ப்பு, நடுவில் மெல்லிய மடிப்பு. பத்தே நாளில் பாதிக்கு மேல் மடிப்பில் கிழிந்துவிட்டது. மோல்டு செய்தவர் பிளாஸ்டிக் சரக்கைக் குறை சொல்கிறார், மெஷின் ஓட்டியவர் மோல்டைக் குறை சொல்கிறார். வியாழக்கிழமை 500 ஓட்ட மெஷின் சொல்லி வைத்திருக்கிறேன். ஓட்டலாமா, கூடாதா? சீக்கிரம் சொல்லுங்கள். என்ன பொருள் என்று மட்டும் இங்கே சொல்ல முடியாது, திருடிவிடுவார்கள்.

பட்டறைப்பையன்
எந்தப் பிளாஸ்டிக்? நீள அகலம் என்ன? சுவர் எத்தனை மி.மீ.? மடிப்பு எத்தனை மி.மீ.? படம் எங்கே?

ஆலங்குளத்துக்காரன்
நல்ல பிளாஸ்டிக்தான். மெரூன் நிறம். பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டு டப்பாவை விடக் கொஞ்சம் பெரியது.

மூத்தபொறியாளர்
‘நல்ல பிளாஸ்டிக்’ என்று ஒரு பிளாஸ்டிக் உலகத்தில் கிடையாது, தம்பி. நல்ல அரிசி என்று கேட்டால் கடைக்காரர் என்ன அரிசி கொடுப்பார்? முப்பது வருடமாக இதில் இருப்பவன் சொல்கிறேன்: மோல்டு என்பது கடைசிப் படி. முதலில் அட்டையில் வெட்டி ஒட்டிப் பார்க்க வேண்டும், பிறகு திரீ-டி பிரிண்டில் ஒன்று எடுத்துப் பார்க்க வேண்டும், பிறகு வரைபடத்தில் சுவர்களுக்கு ஒரு பாகை, இரண்டு பாகை சரிவு இருக்கிறதா, சுவர் எங்கும் ஒரே கனமா என்று பார்க்க வேண்டும். இதையெல்லாம் விட்டுவிட்டு நேராக இரும்பை வெட்டிவிட்டு ‘அவசரம்’ என்று வந்து நிற்கிறீர்கள். அவசரம் யாருக்கு?

பட்டறைப்பையன்
சரிவு இல்லாவிட்டால் பெட்டி மோல்டிலிருந்தே கழன்று வந்திருக்காது. அவருக்கு 60 வந்திருக்கிறது. மடிப்பைப் பற்றிப் பேசுங்கள், சார்.

மூத்தபொறியாளர்
அடிப்படை தெரியாமல் மடிப்பைப் பற்றிப் பேசி என்ன பயன்.

வெயில்கடை
வெயிலில் வைத்தீர்களா? எங்கள் மொட்டைமாடி வாளியின் காது இரண்டு கோடையில் பொடிப்பொடியாகப் போனது. நம் ஊர் வெயிலுக்கு எதுவும் நிற்காது.

ஆலங்குளத்துக்காரன்
வெயிலே படவில்லை. திண்ணையில், நிழலில்தான் இருக்கிறது.

தூள்சரக்கு
ரீகிரைண்ட் கலந்திருப்பார்கள். எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முறை உருக்கிய சரக்கை அரைத்து மறுபடி உருக்கினால் அதன் சத்து போய்விடும். வாளிக்கு, முறத்துக்குப் பரவாயில்லை, மடிப்புக்கு ஆகாது. நிறத்தூளையும் விசாரியுங்கள். மலிவு நிறத்தூளில் சுண்ணாம்புப் பொடி இருக்கும்.

பட்டறைப்பையன்
முதலில் அது என்ன சரக்கு என்று தெரியட்டும். உடைந்த துண்டு ஒன்றைத் தண்ணீரில் போடுங்கள். பாலிபுரொப்பிலீன் (சுருக்கமாக பி.பி.) மிதக்கும், அதன் அடர்த்தி 0.9. ஏபிஎஸ் என்கிற கெட்டிப் பிளாஸ்டிக் என்றால் மூழ்கிவிடும். பிறகு இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள், வீட்டுக்கு வெளியே நின்று. நீலச் சுடர், நுனியில் மஞ்சள், அணைத்தால் மெழுகுவத்தி வாசனை என்றால் பாலிபுரொப்பிலீன். கரிக்கரியாகப் புகைந்து ஒட்டடை பறந்தால் ஏபிஎஸ். ஏபிஎஸ்ஸில் இந்த மாதிரி மடிப்பு வைத்தால் பத்து நாளே அதிகம்.

ஆலங்குளத்துக்காரன்
மிதக்கிறது. மெழுகு வாசனைதான். பில்லில் பி.பி. என்று போட்டிருக்கிறது, அது என்னவென்று தெரியாமல்தான் எழுதவில்லை. டாக்டர் சீட்டில்தான் அந்த எழுத்தைப் பார்த்திருக்கிறேன்.

தூள்சரக்கு
அதே பி.பி.தான், கூடுகிறது பாருங்கள். ரீகிரைண்ட் எவ்வளவு என்று கேட்டீர்களா?

ஆலங்குளத்துக்காரன்
இப்போதுதான் போனில் கேட்டேன். ‘கால்வாசி, எல்லாரும் போடுவதுதான்’ என்கிறார்.

தூள்சரக்கு
நான் சொல்லவில்லையா? இந்த விவாத இழையை மூடிவிடலாம்.

பேட்டை மெஷின்காரன்
மூட வேண்டாம். ஆலங்குளத்து அண்ணாச்சி, ஒரு நாளைக்கு இந்த மூடி எத்தனை தடவை திறக்கும்? கிழிசல் மடிப்பு நெடுக வருகிறதா, ஒரே இடத்தில் தொடங்குகிறதா? என்ன பொருள் என்று சொன்னால் தொல்லையே இல்லை. திருட வேண்டும் என்றால் உங்கள் மோல்டுக்காரரே திருடியிருப்பார்.

காப்புரிமை கணேசபுரம்
யாருக்கும் சொல்லாதீர்கள்! முதலில் காப்புரிமைக்குத் தற்காலிக விண்ணப்பம் போடுங்கள். முழு விண்ணப்பத்துக்கு 12 மாதம் நேரம் இருக்கிறது.

பட்டறைப்பையன்
மூடி போட்ட பெட்டிக்கு 1970 சட்டத்தில் காப்புரிமை கேட்டால் சிரிப்பார்கள். உருவத்துக்குப் பாதுகாப்பு வேண்டுமென்றால் 2000-ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தில் பதியலாம், 10 வருடம், மேலே 5 வருடம் நீட்டிக்கலாம். ஆனால் ஊருக்குக் காட்டுவதற்கு முன்னால் பதிந்திருக்க வேண்டும். 60 பெட்டியும் எங்கே இருக்கிறது?

ஆலங்குளத்துக்காரன்
எங்கள் தெருவிலும் முக்கூடலிலும் கொடுத்துவிட்டேன். பிடித்திருந்தால் வாங்குங்கள் என்று.

பட்டறைப்பையன்
பிறகு எங்களிடம் மட்டும் என்ன ரகசியம்.

ஆலங்குளத்துக்காரன்
சரி, சொல்லிவிடுகிறேன். பீடி இலைப் பெட்டி. அம்மா பீடி சுற்றுகிறார். ஊற வைத்த இலையைத் தகடு வைத்துக் கத்தரித்த பிறகு ஈரத்துணியில் சுற்றிச் சுளகு ஓரத்தில் வைத்துக்கொள்வார். ஃபேன் காற்றில் துணி காய்ந்துவிடும், இலை முறுகும், சுருட்டும்போது கீறும். கீறிய இலைக்குக் கடையில் வேறு இலை தர மாட்டார்கள், கணக்கு அம்மா தலையில்தான் விழும். அதனால் அடியில் வரி வரியாக மேடு வைத்தேன். சொட்டுகிற தண்ணீர் கீழே நிற்கும், இலை மேலே இருக்கும். 18 செ.மீ. நீளம், 12 அகலம், 6 உயரம், சுவர் ஒன்றரை மி.மீ. மடிப்பு 0.4 என்று மோல்டுக்காரர் சொன்னார். அம்மா ஆயிரம் பீடிக்குப் பத்துப் பன்னிரண்டு இலையாக எடுப்பார், எண்பது தடவை திறக்கும் என்று வையுங்கள். கிழிசல் எப்போதும் இடது கோடியிலிருந்து நாலு விரல் தள்ளித்தான் ஆரம்பிக்கிறது. எல்லாப் பெட்டியிலும் அங்கேதான்.

சென்னைவாசி
சுளகு என்றால் என்ன?

தாமிரபரணிக்கரை
முறம்.

அம்பாசமுத்திரம்
முறம் வேறு, சுளகு வேறு. சுளகில் புடைப்பார்கள். முறம் குப்பை அள்ள.

தாமிரபரணிக்கரை
எங்கள் வீட்டில் இரண்டும் ஒன்றுதான்.

அம்பாசமுத்திரம்
அப்படியானால் உங்கள் வீட்டில் எதில் புடைத்த அரிசியைச் சாப்பிடுகிறீர்கள் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

கோரைப்பாய்
நான் ஒன்று கேட்கலாமா? இதற்கு ஓலைப் பெட்டி போதாதா? ஊர் முழுக்கப் பனை நிற்கிறது. நான் பத்தமடை. புவிசார் குறியீடு வாங்கிய பாய் எங்கள் ஊருடையது. பிளாஸ்டிக் பாய் வந்த பிறகு தறிக்கு உட்கார ஆள் இல்லை. அதே கதையைப் பெட்டியிலும் தொடங்க வேண்டுமா? 2019 ஜனவரியிலேயே பிளாஸ்டிக்குக்குத் தடை போட்டாயிற்று.

வெயில்கடை
அந்தத் தடை ஒரு முறை பயன்படுத்தி எறிகிற பிளாஸ்டிக்குக்கு. இது வருடக்கணக்கில் இருக்கிற பெட்டி.

கோரைப்பாய்
பத்து நாளில் கிழிகிற பெட்டி வருடக்கணக்கா?

ஆலங்குளத்துக்காரன்
அக்கா, ஓலைப் பெட்டியில்தான் முதலில் வைத்துப் பார்த்தோம். ஈர இலையோடு நாலு நாளில் பூசணம் பிடித்தது. கருப்பட்டிக்கு ஓலைதான் நல்லது, ஈரத்துக்கு இல்லை.

கோரைப்பாய்
சரி, விடுகிறேன். ஆனால் கிழிந்த அறுபதையும் தாமிரபரணியில் விட்டுவிடாதீர்கள்.

மூத்தபொறியாளர்
பீடிக்கே எதிர்காலம் இல்லை என்னும்போது பீடிப் பெட்டிக்கு மோல்டா? சந்தை ஆய்வு செய்தீர்களா? மோல்டுக்கு எவ்வளவு கொடுத்தீர்கள்?

ஆலங்குளத்துக்காரன்
2,40,000. அம்மாவின் நகை.

மூத்தபொறியாளர்
500 பெட்டிக்கு வகுத்துப் பாருங்கள். ஒரு பெட்டியின் தலையில் 480 ரூபாய் மோல்டுச் செலவு. 10,000 பெட்டி ஓடினால்தான் 24 ரூபாய்க்கு இறங்கும். இந்தக் கணக்கை நகை வைப்பதற்கு முன்னால் போட வேண்டும்.

தாமிரபரணிக்கரை
ஐயா, கணக்கு சரிதான். அதற்காக, வீடு எரியும்போது கூரை ஏன் வேய்ந்தாய் என்றா கேட்பது?

பேட்டை மெஷின்காரன்
எல்லாரும் கொஞ்சம் பொறுங்கள். அண்ணாச்சி, இதைத்தான் கேட்டேன். நாளுக்கு எண்பது, பத்து நாளுக்கு எண்ணூறு மடிப்பு. இந்த மடிப்பு முறையாக வந்தால் லட்சம் தடவை மடித்தாலும் தாங்கும், ஷாம்பு பாட்டில் மூடியைப் பாருங்கள். எண்ணூறில் போனால் அது உழைத்துத் தேய்ந்த தேய்மானம் இல்லை, பிறவிக் கோளாறு. ரீகிரைண்ட் காரணம் என்றால் ஒரு பெட்டி இங்கே கிழியும், இன்னொன்று அங்கே கிழியும். எல்லாம் நாலு விரலில் கிழிவதால் கோளாறு மோல்டுக்குள் இருக்கிறது. பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். சரக்கு புகுந்த வாய், சிறு மொட்டு மாதிரி ஒரு புள்ளி, எத்தனை இருக்கிறது? எங்கே?

ஆலங்குளத்துக்காரன்
இரண்டு. பெட்டியின் அடியில் நடுவில் ஒன்று, மூடியின் மேல் ஓரத்தில் ஒன்று. மூடி நன்றாக நிரம்ப வேண்டும் என்று மோல்டுக்காரர் இரண்டு வைத்தாராம்.

பேட்டை மெஷின்காரன்
அதுதான். கிழியாத ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நாலு விரலில் மயிரிழை மாதிரி ஒரு கோடு தெரியும். இரண்டு வாயிலிருந்தும் வந்த சரக்கு அந்த இடத்தில் முட்டிக்கொள்கிறது. முட்டும்போது இரண்டு முனையும் பாதி ஆறியிருக்கும், ஒட்டியது போல இருக்கும், ஒட்டியிருக்காது. சுவரில் அந்தக் கோடு விழுந்தால் ஒன்றும் ஆகாது. 0.4 மி.மீ. மடிப்பில் விழுந்தால் கிழியும். சரக்கு ஒரே பக்கத்திலிருந்து வந்து மடிப்பைக் குறுக்கே கடந்து போக வேண்டும். மூடியின் வாயை அடைத்துவிட்டு, அடியில் இருக்கும் வாயில் மட்டும் ஓட்டச் சொல்லுங்கள். அடைத்தது தோதுப்படாவிட்டால் மறுபடி திறந்துகொள்ளலாம், மோல்டுக்குப் பெரிய செலவில்லை. மடிப்புக் கனத்தை இப்போது தொட வேண்டாம். கனம் கூட்ட வேண்டுமென்றால் இரும்பைக் கழித்தால் போதும், குறைக்க வேண்டுமென்றால் வெல்டு வைத்து இரும்பைச் சேர்க்க வேண்டும், அது பெரிய பாடு.

இன்னொன்று. மெஷினிலிருந்து எடுத்த சூட்டிலேயே மூடியை நாலைந்து தடவை முழுக்க மடித்து விரிக்க வேண்டும். அப்போதுதான் மடிப்பில் இருக்கும் இழைகள் ஒரே திசைக்கு நீண்டு இறுகும், அந்த இடம் வெளுத்து மினுக்கும். ஆறிய பிறகு முதல் தடவை மடித்தால் பாதி பலம்தான். உங்கள் 60-க்கு யாராவது மடித்தார்களா?

ஆலங்குளத்துக்காரன்
இல்லை. சாக்கில் போட்டுக் கொடுத்தார்கள். கோடு தெரிகிறது, அண்ணாச்சி. டார்ச் வைத்துப் பார்த்தேன், அம்மாவும் பார்த்தார்.

தூள்சரக்கு
ரீகிரைண்டும் ஒரு காரணம்தான்.

பேட்டை மெஷின்காரன்
ஆமாம், அண்ணாச்சி. அடுத்த ஓட்டத்துக்குப் புதுச் சரக்கு மட்டும் போடுங்கள். ரீகிரைண்டை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளட்டும்.

காப்புரிமை கணேசபுரம்
மதுரையில் சிப்பெட் மையம் இருக்கிறது. 1968-இல் சென்னையில் தொடங்கிய மத்திய அரசின் பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனம். சரக்கின் மேல் சந்தேகம் இருந்தால் அங்கே சோதிக்கக் கொடுக்கலாம். காப்புரிமை பற்றி நான் சொன்னதை யாரும் கேட்கவில்லை.

மூத்தபொறியாளர்
இரண்டு வாய் வைத்ததுதான் தவறு என்று நானும் நினைத்தேன்.

பட்டறைப்பையன்
நினைத்ததை எழுதியிருக்கலாமே, சார்.

வெயில்கடை
வியாழக்கிழமை ஓட்டினீர்களா? என்ன ஆயிற்று?

தாமிரபரணிக்கரை
ஆளைக் காணோம்.

அம்பாசமுத்திரம்
சுளகு பற்றி வீட்டில் கேட்டுவிட்டேன். முறமும் சுளகும் வேறு வேறு.

(பன்னிரண்டு நாள் கழித்து)

ஆலங்குளத்துக்காரன்
மன்னிக்கவும், போன் ரீசார்ஜ் முடிந்துவிட்டது. 500 ஓட்டவில்லை, 40 மட்டும் ஓட்டினோம். மூடியின் வாயை அடைத்தோம். முதல் எட்டுப் பெட்டியில் மூடி மூலை நிரம்பவில்லை, சூட்டையும் அழுத்தத்தையும் கூட்டிய பிறகு நிரம்பியது. புதுச் சரக்கு. நானே பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சூட்டோடு மடித்தேன், இரண்டு விரல் கொப்பளித்துவிட்டது. ஒன்பது நாள் ஆகிறது. நிரம்பி வந்த 32-இல் ஒன்றும் கிழியவில்லை. அம்மா ஒரு குறை சொல்கிறார்: மூடி தானாக விழுந்துவிடுகிறது, திறந்தபடி நிற்க வேண்டும் என்கிறார். அதற்கு என்ன செய்வது?

பட்டறைப்பையன்
எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும்? படம் போடுங்கள்.