ஆயில் சம்ப் மரை போய்விட்டது, வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. ஞாயிற்றுக்கிழமை என் பழைய பெட்ரோல் காருக்கு நானே ஆயில் மாற்றினேன். சம்ப்பின் (என்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) டிரெயின் போல்ட்டை, அதாவது ஆயிலை வடிக்கும் துளையை மூடும் போல்ட்டை, இறுக்கும்போது அது முடிவில்லாமல் சுற்றியது. கழற்றிப் பார்த்தால் அலுமினிய மரை சுருள் சுருளாகப் போல்ட்டோடு வந்துவிட்டது! எம்14, பிட்ச் 1.5 அளவு (விட்டம் 14 மி.மீ., மரை இடைவெளி 1.5 மி.மீ.). முன்பு யாரோ முரட்டுத்தனமாக இறுக்கியிருக்க வேண்டும் (என் கையும் லேசானதல்ல).

டெஃப்லான் நாடா சுற்றிப் பார்த்தேன், இன்னும் சொட்டுகிறது. வண்டியை எடுக்கவில்லை. பெரிய போல்ட்டை அப்படியே திருகி ஏற்றலாம் என்கிறார் மெக்கானிக். எனக்கு மனம் ஒப்பவில்லை. கோணலாக ஏறினால் சம்ப்பே விரிசல் விடும்.

ஹெலிகாயில் (ஓட்டையில் புது மரை வெட்டி, அதற்குள் பொருத்தும் கம்பிச் சுருள் மரை) போடலாம் என்றிருக்கிறேன். சம்ப்பைக் கழற்றாமல் புது மரை வெட்டினால் உலோகத் தூள் உள்ளே போகுமே, வெட்டும் கருவியில் கிரீஸ் தடவி, பிறகு கொஞ்சம் ஆயில் ஊற்றிக் கழுவினால் போதுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.