தீன் குறைஞ்ச பன்றிகள் பருவத்துக்கு வருதில்லை, உதவி தேவை

கொழும்பிலயும் சுற்றுவட்டாரத்திலயும் இருக்கிற கால்நடை வைத்தியர்மார், பன்றி வளர்க்கிற அண்ணாமார் யாராவது சொல்லுங்கோ. வத்தளையில மச்சானின்ர பண்ணையில தீன் விலை ஏறினதால இளம் பெண் பன்றிகளுக்கு அளவைக் குறைச்சவை. 21 நாளுக்கொருக்கா பருவத்துக்கு வாறதுகள் இப்ப வாறதே இல்லை. பிறப்புறுப்பு சிவக்கிறதும் இல்லை. பருவத்தில இருந்தால் முதுகை அமத்தேக்க அசையாமல் நிக்கும், ஆனா இதுகள் பக்கத்துக் கூட்டில ஆண் பன்றி நிக்கேக்கயும் நிக்காமல் ஓடுதுகள்.

தீன் குறைஞ்சால் இன்சுலினும் ஐ.ஜி.எஃப்-1 எண்ட வளர்ச்சி ஹோர்மோனும் குறையும், சூலகத்தைத் தூண்ட மூளையில இருந்து விட்டுவிட்டு வாற எல்.எச். எண்ட ஹோர்மோனின்ர துடிப்பும் தளரும், அதால சூலகத்தில முட்டைப்பைகள் முழுசா வளராது எண்டு தெரியும். திரும்ப நல்லாத் தீன் குடுத்தால் சரிவரும் எண்டும் படிச்சனான். ஆனா மெலிஞ்ச பன்றிக்கு எவ்வளவு காலம் எடுக்கும்? ஒரேயடியா கூட்டலாமா, மெல்ல மெல்லவா?

ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சலுக்குப் பிறகு புதுசா வாங்கவும் பயம். இருக்கிறதுகளை இறைச்சிக்கு அனுப்ப மனமில்லை, நல்ல வர்க்கம். சூலகத்தை ஸ்கேன் பண்ணிப் பாக்கிற, இல்லாட்டி புரொஜெஸ்டரோன் (முட்டை வெளியேறின பிறகு கூடுற ஹோர்மோன்) இரத்தப் பரிசோதனை செய்யிற இடம் கொழும்புப் பக்கம் எங்க இருக்கு? தெரிஞ்ச ஆக்கள் கீழ எழுதுங்கோ.