புதுப்பிப்பு: குறுகிய நடைவழியை அகலமாக்கிவிட்டேன்

போன மாதம் இங்கே ஒரு கேள்வி கேட்டிருந்தேன். இறுதியாண்டு உள்வடிவமைப்புப் பாடத்துக்காக, சிங்கப்பூர் சிராங்கூன் சாலைக் கடைவீடு ஒன்றுக்குள் ஒரு நினைவு அருங்காட்சியகம் வரைகிறேன். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் போட்ட சயாம்–பர்மா ரயில் பாதையில் வேலை செய்து மாண்ட மலாயாத் தமிழர்களுக்காக. அந்தத் தண்டவாள இடைவெளி 1 மீட்டர் என்பதால், நுழைவு நடைவழியும் அதே அகலத்தில் இருக்கலாமா என்பது கேள்வி.

“சக்கர நாற்காலியில் வரும் என் தாத்தா எப்படித் திரும்புவார்?” என்று ஓர் அக்கா கேட்டார். என்னிடம் பதில் இல்லை. மாற்றிவிட்டேன். இப்போது நடைவழியின் அகலம் 1.8 மீட்டர். தரையில் 1 மீட்டர் இடைவெளி விட்டு இரண்டு பித்தளைப் பட்டைகள், சக்கரம் தட்டாதபடி தரைமட்டத்திலேயே பதிந்திருக்கும். அட்டை மாதிரியில் பிஸ்கட் டின் தகட்டை வெட்டி ஒட்டிப் பார்த்தேன். விளக்கை அணைத்து டார்ச் அடித்தால் அந்த இரண்டு கோடுகள் மட்டும் மின்னுகின்றன. பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அப்புறம் வெளிச்சம். காட்சிக்கு வைக்கும் பழைய கடிதங்கள் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வரைதான் தாங்கும், அது மங்கலான வெளிச்சம். அதில் பெரியவர்களால் குறிப்புகளைப் படிக்க முடியாது. ஆகவே எழுத்துக்குத் தனி விளக்கு.

பெயர்ச் சுவரைக் கைவிட்டேன். 415 கிலோமீட்டர் பாதையில் இறந்த தோட்டத் தொழிலாளர்கள் பலருக்குப் பெயர்ப் பதிவே இல்லை. கிடைத்ததை மட்டும் பொறித்தால் மற்றவர்கள் மறுபடியும் விடுபடுவார்கள். அங்கே ஒரு நீண்ட மரப்பெஞ்சு போடுகிறேன், வெறும் சுவரைப் பார்த்தபடி.