கீஸ்விட்ச் பட்டியலை ஏஐ-யிடம் கொடுத்து ஒழுங்குபடுத்தியவர்கள் இருக்கிறீர்களா? டபுள் பேஸில் மாட்டிக்கொண்டேன்

தந்திக்கூட்டம்:

எல்லோருக்கும் வணக்கம். குறும்படங்களுக்குப் பின்னணி இசை அமைக்கிறேன். மென்பொருள் ரீப்பர், ஆர்ட்டிகுலேஷன், அதாவது வாசிக்கும் விதம், மாற்றுவதற்கு அதில் ஓடும் ரியாட்டிகுலேட். ஆர்கெஸ்ட்ரா லைப்ரரி (வாத்தியங்களின் பதிவுசெய்த ஒலித் தொகுப்பு) ஐந்து வைத்திருக்கிறேன். ஐந்திலும் கீஸ்விட்ச், அதாவது ஆர்ட்டிகுலேஷனை மாற்ற அழுத்தும் கட்டை, ஐந்து விதம். ஒன்றில் ஸ்பிக்காட்டோ (வில் துள்ளுவது) இருக்கும் கட்டையில் இன்னொன்றில் டிரெமலோ (வில் நடுங்குவது) இருக்கிறது. ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் எனக்கு உட்கார நேரம் கிடைக்கும். அதில் பாதி, எந்தக் கட்டை எதற்கு என்று கையேட்டைப் புரட்டுவதிலேயே போகிறது. அதற்குள் மனதில் ஓடிக்கொண்டிருந்த மெட்டு கலைந்துவிடுகிறது. அதுதான் தாங்க முடியவில்லை.

போன வாரம் ஒரு ஏஐ உதவியாளரிடம் வயலின் கீஸ்விட்ச் பட்டியலைக் கொடுத்து, ரியாட்டிகுலேட் படிக்கிற பேங்க் கோப்பாக எழுதச் சொன்னேன். இரண்டே நிமிடத்தில் வந்துவிட்டது. ஆனால் எதை அழுத்தினாலும் ஆர்ட்டிகுலேஷன் மாறவில்லை. எல்லா எண்ணிலும் 12 கூட்டிப் பார்த்தேன், வேலை செய்தது. ஏன் என்று புரியவில்லை. சரி என்று, "இதே மாதிரி வியோலா, செல்லோ, டபுள் பேஸுக்கும் செய்" என்றேன். இப்போது டபுள் பேஸில் ஆர்ட்டிகுலேஷன் மாறும் ஒவ்வொரு இடத்திலும் அடியில் கனமாக ஒரு ஸ்வரம் கேட்கிறது. நான் எழுதாத ஸ்வரம்.

இதை ஒழுங்காகச் செய்தவர்கள் யாராவது வழி சொல்லுங்கள். அல்லது எல்லாவற்றையும் கையாலேயே எழுதுவதுதான் நல்லதா?

பழைய_ஆர்மோனியம்:

தம்பி, கையால் எழுத வேண்டாம். இரண்டு கோளாறுக்கும் காரணம் தெளிவானதுதான்.

முதலாவது, நடு சி. மிடியில், அதாவது கட்டையும் மென்பொருளும் பேசிக்கொள்ளும் எண் முறையில், அதன் எண் எப்போதும் 60. பெயர்தான் ஆளுக்கு ஆள் மாறும். யமஹா வழக்கில் அது சி3, ரோலண்ட் வழக்கில் சி4. லைப்ரரிகளை வாசிக்கும் கான்டாக்ட் மென்பொருள் சி3 என்று காட்டும், ரீப்பர் சி4 என்று காட்டும். உங்கள் கையேடு கான்டாக்ட் முறையில் சி0 என்று சொன்னால் அது 24. உதவியாளர் அதை மற்ற முறையில் படித்து 12 என்று எழுதியிருக்கும். நீங்கள் 12 கூட்டியதும் சரியானது அதனால்தான். இனிமேல் அதனிடம் ஸ்வரப் பெயரே பேசாதீர்கள். "இந்தக் கையேட்டில் நடு சி என்பது சி3, எண் 60. எல்லாவற்றையும் 0 முதல் 127 வரையுள்ள எண்ணாக மாற்றி, முதலில் அட்டவணையாகக் காட்டு. நான் சரி சொன்ன பிறகு கோப்பு எழுது" என்று கேளுங்கள். அட்டவணையில் ஏதாவது மூன்று வரியைக் கட்டையில் அழுத்திப் பாருங்கள். மூன்றும் பொருந்தினால் ஆக்டேவ் தவறு இல்லை என்று நம்பலாம்.

இரண்டாவது, டபுள் பேஸ். வயலினின் அடித் தந்தி 55. அதற்குக் கீழே கட்டைகள் காலி, அங்கே கீஸ்விட்ச் வைத்தால் யாருக்கும் தொந்தரவில்லை. வியோலா 48, செல்லோ 36. இதுவரைக்கும்கூட இடம் இருக்கிறது. டபுள் பேஸின் அடி ஈ 28-இல் ஒலிக்கும். கீழே நீட்டிய தந்தி உள்ளதென்றால் 24 வரை இறங்கும். நீங்கள் கீஸ்விட்ச் என்று அனுப்பும் 24, 25 எல்லாம் அந்த வாத்தியத்துக்கு வாசிக்க வேண்டிய ஸ்வரங்கள். பல லைப்ரரிகளில் பேஸுக்கு மட்டும் கீஸ்விட்சை மேலே தூக்கி வைத்திருப்பார்கள். "இதே மாதிரி செய்" என்றதும் உதவியாளர் வயலின் எண்களையே எடுத்துப் போட்டுவிட்டது. ஒவ்வொரு வாத்தியத்துக்கும் அதனதன் பக்கத்தைக் கையேட்டிலிருந்து தனியாகக் கொடுங்கள். நினைவிலிருந்து எழுதவே விடாதீர்கள்.

நள்ளிரவு_மிக்ஸ்:

அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நான் பயன்படுத்தும் இசை மென்பொருள் கியூபேஸ். அதில் எக்ஸ்பிரஷன் மேப் (எந்த ஆர்ட்டிகுலேஷனுக்கு எந்தக் கட்டை என்ற பட்டியல்) என்பது ஒரு எக்ஸ்எம்எல் கோப்பு. சும்மா "எழுது" என்றால் உதவியாளர் தானாக ஒரு அமைப்பைக் கற்பனை செய்து தரும், கியூபேஸ் திறக்காது. அதனால் இரண்டே ஆர்ட்டிகுலேஷனுடன் ஒரு மேப்பை நானே கியூபேஸில் செய்து சேமித்தேன். அந்தக் கோப்பையும் எண் அட்டவணையையும் சேர்த்துக் கொடுத்து, "இந்த அமைப்பை மாற்றாமல் மீதியை நிரப்பு" என்றேன். திறந்தது. ரியாட்டிகுலேட்டுக்கும் இதையே செய்யலாம், ஏற்கெனவே வேலை செய்கிற ஒரு பேங்கை மாதிரியாகக் கொடுங்கள்.

ஆனால் எதை எதோடு ஒன்றாகச் சேர்ப்பது என்ற முடிவை அதனிடம் விடாதீர்கள். என் ஒரு லைப்ரரியில் மார்க்காட்டோ என்றால் அழுத்தித் தொடங்கி நீளும் வில். இன்னொன்றில் அதே பெயரில் வெட்டென்று முடிகிற குட்டை ஸ்வரம். உதவியாளர் பெயரைப் பார்த்து இரண்டையும் ஒரே இடத்தில் வைத்தது. அது காதால் கேட்கவில்லையே. நாம்தான் கேட்டுப் பிரிக்க வேண்டும்.

தம்பூரா_4:

ஸ்பிட்ஃபயர் நிறுவனத்தின் லைப்ரரி ஏதாவது வைத்திருந்தால் அதற்குக் கீஸ்விட்சே வேண்டாம். அவர்களின் பல லைப்ரரிகளில் சிசி 32 (32-ஆம் எண் மிடி கன்ட்ரோலர்) வழியாக ஆர்ட்டிகுலேஷன் மாற்றலாம், எந்த வாத்தியம் ஆனாலும் ஒரே ஆர்ட்டிகுலேஷனுக்கு ஒரே எண். பேஸில் தேவையில்லாத ஸ்வரம் கேட்கிற பிரச்சினையும் அங்கே இல்லை.

தந்திக்கூட்டம்:

மூவருக்கும் மிக்க நன்றி. நேற்று ராத்திரி உட்கார்ந்து பேஸை முடித்தேன். கையேட்டைத் திறந்து பார்த்தால் கீஸ்விட்ச் எல்லாம் மேலேதான் இருக்கிறது, பழைய_ஆர்மோனியம் அண்ணா சொன்ன மாதிரியே. அட்டவணை முதலில், கோப்பு அப்புறம். முதல் முயற்சியிலேயே சரியாக வந்தது. அந்த அடி ஸ்வரம் போய்விட்டது.

பெயர்களை மட்டும் நானே வைத்தேன். ஐந்து லைப்ரரியையும் ஒவ்வொன்றாகக் கேட்டு நீள் வில், குறு வில், துள்ளு வில், நடுக்கம், சுண்டு என்று. பிஸிக்காட்டோவுக்கு 'சுண்டு' என்று திரையில் பார்க்கும்போது கை தானாக அங்கே போகிறது. தேட வேண்டியதே இல்லை.

இன்னும் ஒரு சந்தேகம். சினிமாட்டிக் ஸ்டூடியோ ஸ்டிரிங்ஸ் லைப்ரரியில் லெகாட்டோ (ஸ்வரத்தை ஸ்வரத்தோடு இழைத்து வாசிப்பது) ஒலிக்க ஆகும் தாமதம் வேகத்தைப் பொறுத்து 333, 250, 100 மில்லி செகண்ட் என்று மூன்று விதம். இந்த எண்களையும் அதே அட்டவணையில் ஒரு பத்தியாகச் சேர்த்து வைத்திருக்கிறீர்களா, அல்லது டிராக்கிலேயே ஒரே அளவாக முன்னால் இழுத்து வைத்துவிடுகிறீர்களா?

பழைய_ஆர்மோனியம்:

நான் அட்டவணையில் எழுதி வைக்கிறேன், ஆனால் டிராக்கை முழுதாக இழுப்பதில்லை. இழுத்தால் மெதுவான பகுதி சரியாக இருக்கும், வேகமான பகுதி முந்திக்கொண்டு ஓடும். மெதுவான லெகாட்டோவுக்கு ஒரு டிராக், வேகமானதற்கு ஒரு டிராக் என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அதனதன் தாமதத்தைக் கொடுத்துப் பாருங்கள்.